பியன், ம்னா, பன்: ஐரிஷ் மொழியின் ‘பெண்’ணைப் பழகுவது எப்படி

அயர்லாந்தில் ஒரு பப்பின் பின்பக்கம் போனால் பல இடங்களில் இரண்டு கதவுகள் இருக்கும். ஒன்றில் எஃப்-ஐ-ஆர் என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் எம்-என்-ஏ, அந்தக் கடைசி ஏ மேல் ஒரு சாய்கோடு. ஐரிஷ் தெரியாத ஆள் என்ன செய்வார்? எம் என்றால் ஆண்கள், எஃப் என்றால் பெண்கள் என்று ஆங்கிலக் கணக்கில் முடிவு கட்டிக்கொண்டு தப்பான கதவைத் திறப்பார். ‘ஃபிர்’ என்றால் ஆண்கள். ‘ம்னா’ என்றால் பெண்கள். வெளியூர்க்காரர்கள் பலர் காலங்காலமாக இடறி விழுகிற இடம் இது.

அந்த ‘ம்னா’வின் ஒருமைதான் ‘பியன்’. பெண், மனைவி என்று பொருள். இரண்டும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்று சொன்னால் முதலில் நம்ப முடியாது, ஏனென்றால் கேட்க ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஐரிஷ் இலக்கணத்தில் பெயர்ச்சொற்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல் அந்த ஐந்திலும் சேராது, தனியாக நிற்கும். ஆனால் இதை ஒழுங்காகப் பழகிவிட்டால் ஐரிஷ் இலக்கணத்தில் பாதி பயம் போய்விடும் என்பது என் அனுபவம். அதனால்தான் ஒரே ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். (ஐரிஷ் என்று நான் சொல்வது அயர்லாந்துக்காரர்கள் பேசும் ஆங்கிலத்தை இல்லை. அது தனி மொழி, கெல்டிக் குடும்பம், வெல்ஷுக்கும் ஸ்காட்லாந்தின் கேலிக்குக்கும் சொந்தக்காரி.)

முதலில் வாயைப் பழக்குங்கள். ‘பியன்’ என்பதன் எழுத்துகள் பீ-ஈ-ஏ-என். ஆங்கிலத்தில் இதே எழுத்துகள் அவரைக்காய் வகையறாவைக் குறிக்கும், அதை மறந்துவிடுங்கள். தமிழ் எழுத்தில் ‘ப’ என்று எழுதினாலும் ‘பல்’, ‘பழம்’ என்கிறபோது வரும் ப இங்கே வேண்டாம். ‘பஸ்’, ‘பட்டன்’ என்கிறபோது வருகிற ப வேண்டும். அந்த ப-வைச் சொல்லும்போதே நாக்கு லேசாக மேலண்ணத்தைப் பார்த்து எழும்ப வேண்டும், ஒரு மெல்லிய ‘ய்’ ஒட்டிக்கொண்டு வரும். பி-யன் என்று இரண்டாக வெட்டாமல் ஒரே தட்டில் சொல்லுங்கள்.

எழுத்தில் இருக்கிற ஈ எதற்கு என்றால், அது பக்கத்து மெய்யெழுத்துக்கு ஒரு கொடி மாதிரி. ஐரிஷில் ஏறக்குறைய எல்லா மெய்யெழுத்துக்கும் இரண்டு பிறவி உண்டு: அகலமானது, மெலிந்தது. பக்கத்தில் ஈ அல்லது ஐ இருந்தால் மெலிந்தது. ஏ, ஓ, யூ இருந்தால் அகலமானது. இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், ‘பன்’ என்று இன்னொரு வடிவம் வரப்போகிறது, எழுத்துகள் பீ-ஏ-என். ‘பியன்’ என்றால் ஒரு பெண். ‘பன்’ என்றால் பெண்களின். இரண்டுக்கும் வித்தியாசம் முழுவதும் அந்த முதல் மெய்யிலேயே இருக்கிறது. நாக்கு எழும்பினால் ஒருமை, எழும்பாவிட்டால் பன்மையின் ஆறாம் வேற்றுமை. கண்ணாடி முன் நின்று பத்து தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

‘ம்னா’வுக்கு இரண்டு உச்சரிப்பு. தெற்கே மன்ஸ்டர் பக்கம் எழுதியபடியே ‘ம்னா’. மேற்கே கொனாக்ட்டிலும் வடக்கே அல்ஸ்டரிலும் ‘ம்ரா’. அந்தப் பக்கங்களில் சொல் முதலில் ம, க மாதிரி ஒரு மெய்க்குப் பின்னால் ‘ன்’ வந்தால் அதை ‘ர்’ ஆக்கிவிடுவார்கள், குன்றைக் குறிக்கும் ‘க்னொக்’கும் அங்கே ‘க்ரொக்’தான். எதைப் பழகினாலும் சரி, ஆனால் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். டியங்லன் என்று ஒரு இலவச இணைய அகராதி இருக்கிறது, அதில் மூன்று வட்டாரத்துக் குரலிலும் சொற்களைக் கேட்கலாம். ஐரிஷ் கற்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

இப்போது தமிழர் எல்லோருக்கும் வருகிற சந்தேகத்துக்கு வருகிறேன். பழைய ஐரிஷில் இந்தச் சொல் ‘பென்’. நம்மிடம் ‘பெண்’. உடனே ஆதிமொழி, கடல்வழித் தொடர்பு என்று மனசு பறக்கும். எனக்கும் பறந்தது. ஆனால் உறவு கிடையாது, அதை ஐரிஷ் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதன் முதலில் நிற்கிற ப ஆதியில் ப-வே இல்லை. இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் அது ‘க்வென்’ போல இருந்த சொல். உதட்டைக் குவித்துச் சொல்கிற ஒரு ‘க்வ’. அந்த ஒலி ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு திசையில் போனது. கிரேக்கத்தில் ‘கினே’ ஆனது, மருத்துவமனைப் பலகையில் நாம் பார்க்கும் கைனகாலஜி அங்கிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ‘குயீன்’ ஆகி அரசி என்ற பொருளுக்கு உயர்ந்தது. பாரசீகத்தில் ‘ஸன்’, அதிலிருந்து அந்தப்புரத்தைக் குறிக்கும் ‘ஜனானா’. ரஷ்ய மொழியில் மனைவிக்கு ‘ழெனா’. சமஸ்கிருதத்தில் ‘ஜனி’, ‘க்னா’. கெல்டிக் கிளையில் அந்த ‘க்வ’ ப-வாக மாறியது. நம் ‘பெண்’ணோ திராவிடக் குடும்பத்தில் தொடக்கம் முதலே ப-வோடு பிறந்தது. இரண்டு வேறு ஊரிலிருந்து கிளம்பிய பேருந்துகள் ஒரே நிலையத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி. உறவு இல்லாவிட்டாலும் மனப்பாடம் செய்ய இது நல்ல உதவி, தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

‘ம்னா’ எங்கிருந்து வந்தது என்பதற்கும் இதே இடத்தில் விடை இருக்கிறது. மூல மொழியில் ‘பெண்’ என்று எழுவாயாகச் சொல்லும்போது அழுத்தம் முதலில் விழுந்தது, ‘பெண்ணின்’ என்று சொல்லும்போது கடைசியில் விழுந்தது. அழுத்தம் கடைசிக்குப் போனதும் முதலில் இருந்த எ சுருங்கிக் காணாமல் போய் ‘க்வ்னா-’ என்று ஆயிற்று. கெல்டிக்கில் அது ‘ப்னா-’. ப்னா என்று சொல்லிப் பாருங்கள், உதடும் மூக்கும் சண்டை போடும். மூக்கு ஜெயித்தது, ‘ம்னா’. ஆக, பார்க்க ஒழுங்கில்லாத சொல்லாகத் தெரிவது உண்மையில் பல ஆயிரம் வருஷத்துப் பழைய ஒழுங்கு அப்படியே உறைந்து நிற்பதுதான். அந்த ‘ப்ன்’ நிலைக்குச் சாட்சியும் இருக்கிறது: 1983இல் தெற்கு பிரான்ஸின் லார்ஸாக் பகுதியில் ஒரு கல்லறையில் ஈயத் தகடு ஒன்று கிடைத்தது. சுமார் கி.பி. 100ஐ ஒட்டிய காலம், காலிஷ் என்ற அழிந்துபோன கெல்டிக் மொழி, அதில் ‘ப்னனொம் ப்ரிக்டொம்’ என்று இருக்கிறது. பெண்களின் மந்திரம் என்று பொருள். புனித பேட்ரிக்கின் பெயரில் வழங்கும் பழைய ஐரிஷ் காப்புப் பாடலில் பெண்கள், கொல்லர்கள், துருயிதுகள் (பழைய கெல்டிக் பூசாரிகள்) ஆகியோரின் மந்திரத்திலிருந்து காக்கும்படி ஒரு வேண்டுதல் வரும், அங்கே இருப்பதும் இதே இரண்டு சொற்கள்தான், ‘ப்ரிஃக்டு பன்’. பிரான்ஸின் ஈயத் தகடும் அயர்லாந்தின் பிரார்த்தனையும் ஒரே சொற்றொடரைப் பேசுவதைப் பார்த்த அன்று எனக்குப் புல்லரித்தது.

சரி, வடிவங்கள். அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், இரண்டே நாளில் மறந்துவிடும். ஒவ்வொரு வடிவத்தையும் அயர்லாந்தில் தினமும் புழங்கும் ஒரு சொற்றொடரில் மாட்டிவையுங்கள்.

‘பியன்’ ஒருமை. இதற்கு ‘பியன் அன் டீ’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வீட்டின் பெண், அதாவது வீட்டுக்காரம்மா. கோடை விடுமுறையில் ஐரிஷ் பேசும் பகுதிகளான கேல்டஃக்ட்டுக்குப் பிள்ளைகளை மொழி கற்க அனுப்புவார்கள். அவர்களுக்குத் தங்க இடமும் சோறும் கொடுத்து ஐரிஷிலேயே பேச வைக்கிற அம்மாவுக்கு இதுதான் பட்டம். அயர்லாந்துக்காரர் பலருக்கு இந்தச் சொல் கேட்டாலே அந்தச் சமையலறை ஞாபகத்துக்கு வரும்.

‘ம்னா’ பன்மை. இதற்குக் கழிப்பறைக் கதவே போதும், ஆனால் இன்னும் கம்பீரமாக வேண்டுமென்றால் ‘ம்னா ந ஹேரன்’, அயர்லாந்தின் பெண்கள். 1990இல் மேரி ராபின்சன் அந்நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியாகத் தேர்வானபோது, ஏற்புரையில் இந்த மூன்று சொற்களைச் சொல்லித்தான் பெண் வாக்காளர்களுக்கு நன்றி சொன்னார்; தொட்டிலை ஆட்டுவதற்குப் பதிலாக அமைப்பையே ஆட்டிவிட்டார்கள் என்றார்.

‘பன்’ பன்மையின் ஆறாம் வேற்றுமை, பெண்களின். இதற்குத்தான் எடுத்துக்காட்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஜனவரி 6 ‘நொலிக் ந மன்’, பெண்களின் கிறிஸ்துமஸ். பண்டிகை முழுக்க அடுப்படியில் நின்ற பெண்களுக்கு அன்று ஓய்வு, வீட்டு வேலை ஆண்கள் பொறுப்பு, பெண்கள் சேர்ந்து வெளியே போய்விடுவார்கள். கார்க், கெர்ரி பக்கம் விடாமல் காப்பாற்றி வைத்திருந்த வழக்கம், இப்போது நாடு முழுக்கப் பரவிவிட்டது. அயர்லாந்தின் விடுதலைக்காக 1914இல் டப்ளினில் பெண்கள் தொடங்கிய அமைப்பின் பெயர் ‘குமன் ந மன்’, பெண்களின் சங்கம். டிப்பரேரியில் 721 மீட்டர் உயர மலை ஒன்று ‘ஷ்லீவ் ந மன்’, பெண்களின் மலை. உச்சிக்கு முதலில் ஓடி வருகிறவளை மணப்பேன் என்று ஃபின் மகூல் என்ற வீரன் சொன்னதாகக் கதை.

மூன்றிலும் ‘பன்’ எங்கே என்று கேட்பீர்கள். ‘மன்’ என்றுதானே கேட்கிறது? நியாயமான கேள்வி, ஐரிஷின் இதயமே இங்கேதான் இருக்கிறது. தமிழில் சொல்லின் வால் மாறும்: பெண்ணை, பெண்ணுக்கு, பெண்ணின். ஐரிஷில் தலையும் மாறும். ப-வுக்கு மூன்று தலை. வெறும் ப ஒன்று. மென்மையானால் ‘வ’, எழுத்தில் ப-வுக்குப் பின்னால் ஒரு ஹெச் சேர்ப்பார்கள். மறைந்துபோனால் ‘ம’, எழுத்தில் ப-வுக்கு முன்னால் ஒரு எம் வைப்பார்கள், ப எழுத்தில் இருக்கும், வாயில் இருக்காது. பெயராக எழுதும்போது அந்த எம் சின்ன எழுத்து, பின்னால் வரும் பீ பெரிய எழுத்து. சொல்லின் உண்மையான தலை எது என்று கண்ணுக்குக் காட்டுவதற்காக.

எப்போது எந்தத் தலை? பெண்பால் சொல்லுக்கு முன்னால் ஒருமைச் சுட்டு ‘அன்’ வந்தால் மென்மை: ‘அன் வியன்’, அந்தப் பெண். ஆண்பாலுக்கு இது நடக்காது, ‘ஃப்யர்’ (ஆண்) ‘அன் ஃப்யர்’ என்றே இருக்கும். ஆறாம் வேற்றுமைப் பன்மையில் ‘ந’ வந்தால் மறைவு: ‘ந மன்’. ‘இடம்’, ‘உடன்’ மாதிரி ஒரு முன்னிடைச்சொல்லும் சுட்டும் சேர்ந்து வந்தால் பொதுமொழியில் மறைவு, ‘எக் அன் மியன்’, அந்தப் பெண்ணிடம். அல்ஸ்டர்க்காரர்கள் அங்கேயும் மென்மையாகவே சொல்லுவார்கள், ‘எக் அன் வியன்’. இரண்டும் சரிதான்.

இந்தத் தலைமாற்றம் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘அ’ என்ற ஒரே ஒரு சின்னச் சொல் ஐரிஷில் அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய என்ற மூன்றுக்கும் வரும். பிறகு எப்படிப் பிரித்தறிவது? ‘அ வியன்’ என்றால் அவன் மனைவி. ‘அ பியன்’ என்றால் அவள் மனைவி. ‘அ மியன்’ என்றால் அவர்கள் மனைவி. யாருடையவள் என்பதை முழுக்க அந்த முதல் ஒலிதான் சொல்கிறது. பழைய இலக்கணப் புத்தகங்களில் நடுவில் இருப்பது அட்டவணையை நிரப்ப மட்டும் வந்த வடிவமாக இருந்திருக்கும். 2015 மே மாதம் வாக்கெடுப்பில் ஒரே பாலினத் திருமணத்தை அயர்லாந்து மக்கள் ஏற்றுக்கொண்டபின் அது அன்றாடப் பேச்சு. இந்த மூன்றையும் தினம் காலையில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாளைத் தொடங்குங்கள்.

அடுத்து ஒரு பொறி. ‘பெண்ணின்’ என்பதும் ‘ம்னா’, ‘பெண்கள்’ என்பதும் ‘ம்னா’. சுட்டும் இரண்டுக்கும் ‘ந’ தான். அப்படியானால் ‘ந ம்னா’ என்றால் அந்தப் பெண்ணினுடையதா, அந்தப் பெண்களா? முன்னால் இன்னொரு பெயர்ச்சொல் நின்றால் பெரும்பாலும் முதலாவது: ‘ட்யஃக் ந ம்னா’, அந்தப் பெண்ணின் வீடு. (ஃக் என்று எழுதியதை அடித்தொண்டையிலிருந்து உரசலாகச் சொல்லுங்கள், நம் ஆய்தம் இதற்கென்றே பிறந்த மாதிரி உதவும்.) அடைமொழி சேர்ந்தால் சந்தேகமே இல்லை. ‘மோர்’ என்றால் பெரிய. ‘பியன் வோர்’, பெரிய பெண், பெண்பால் என்பதால் அடைமொழியின் தலையும் மென்மையாகிவிட்டது பாருங்கள். ‘ந ம்னா மோரா’, அந்தப் பெரிய பெண்கள். ‘ந ம்னா மோர்யெ’, அந்தப் பெரிய பெண்ணின். ‘ந மன் மோர்’, அந்தப் பெரிய பெண்களின். கடைசியில் அடைமொழி பழையபடி சுருங்கிவிடுகிறது.

எண்ணிக்கையில் தமிழருக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, வேறு யாருக்கும் இவ்வளவு சுலபமாக வராது. பொருட்களை எண்ணும் எண்களால் ஐரிஷில் ஆட்களை எண்ணுவதில்லை. ஆட்களுக்குத் தனி எண்கள்: ‘பெர்ட்’, ‘ட்ரூர்’, ‘கஹ்ரர்’, ‘கூகர்’. ஆங்கிலக்காரருக்கு இதை விளக்க ஒரு பக்கம் வேண்டும். நமக்கு ஒரு வரி: இருவர், மூவர், நால்வர், ஐவர். அவ்வளவுதான். அப்படியே போய் ‘டெஹ்னூர்’, பதின்மர் வரைக்கும் வரும். இவற்றுக்குப் பின்னால் வருவது ‘பன்’ என்ற ஆறாம் வேற்றுமைப் பன்மை, ஆகவே ‘ட்ரூர் பன்’ என்றால் பெண்களில் மூவர் என்கிற மாதிரி. இருவருக்கு மட்டும் தலை மென்மையாகும், ‘பெர்ட் வன்’.

பொருள்களுக்கு வருவோம். ‘பியன்’ பின்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு ஒரு கிராமத்தின் பெண்கள் அத்தனை பேரையும் காட்டிவிடும். ‘பியன் ரியல்டெ’, விதிக்குட்பட்ட பெண், கன்னியாஸ்திரி. ‘பியன் ஃப்யசெ’, அறிவுடைய பெண், மூலிகையும் குறியும் தெரிந்தவள். ‘பியன் க்லூனெ’, சொல்லுக்குச் சொல் முழங்காலின் பெண், மருத்துவச்சி. ‘பியன் ஃகீன்டெ’, ஒப்பாரி வைக்கிறவள். சாவு வீட்டில் இறந்தவரின் குலப்பெருமை சொல்லி அழுவதற்கென்றே கைதேர்ந்த பெண்கள் அயர்லாந்தின் கிராமங்களில் இருந்தார்கள். ‘பியன் ஷீ’ உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவள், ஆங்கிலத் திகில் படங்களின் பான்ஷீ அவள்தான். ஷீ என்றால் மாய உலகத்தார் குடியிருப்பதாகச் சொல்லும் மண்மேடு, அந்த மேட்டுப் பெண். ஆனால் திகில் படத்தில் வருகிற மாதிரி யாரையும் கொல்ல வருகிறவள் இல்லை அவள். ‘ஓ’, ‘மக்’ என்று தொடங்கும் பழைய குலப்பெயருள்ள குடும்பங்களில் ஒரு சாவு வரப்போகிறது என்றால் முன்கூட்டியே அழுகிறவள், அந்தக் குடும்பத்துக்கு வேண்டப்பட்டவள். அவளைப் பேயாக்கிவிட்டது எனக்கு வருத்தம்தான்.

திருமணமான பெண்ணைக் குறிக்கும் திருமதிக்கும் இதே சொல்தான். கணவர் குடும்பப்பெயர் ஓ முரஃகூ என்றால் மனைவி ‘பியன் ஈ வுரஃகூ’. ‘ஓ’ என்றால் வழித்தோன்றல், அதன் ஆறாம் வேற்றுமை ‘ஈ’.

சொல்லின் முன்னால் ஒட்டும்போது அது ‘பன்-’ ஆகும். ‘பன்ரீன்’ அரசி, ‘பன்டியா’ பெண் தெய்வம், ‘பனல்ட்ரா’ தாதி. 1959இல் அயர்லாந்து காவல்துறையில் முதல்முறையாகப் பெண்கள் சேர்ந்தபோது அவர்களை ‘பன்கார்டா’ என்றார்கள், இப்போது ஆணும் பெண்ணும் வெறும் கார்டா. கல்யாண விருந்துக்கு ‘பனிஷ்’, அதற்குள்ளும் ஒரு ‘பன்’ ஒளிந்திருக்கிறது. விதவைக்கு ‘பன்ட்ரெஃக்’, பெண்ணும் குடித்தனமும் சேர்ந்த சொல், குடும்பத்தைத் தாங்குகிற பெண் என்று விரியும். மனைவியை இழந்த ஆணுக்குத் தனிச் சொல் தேடாமல் ‘பன்ட்ரெஃக் ஃபிர்’ என்று சொல்லிவிடுகிறார்கள், அதாவது ஆண் விதவை.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் பார்த்துவிட்டு பெண்ணைக் குறிக்கிற சொல் எல்லாமே பெண்பால் என்று முடிவு செய்யாதீர்கள். சிறுமியைக் குறிக்கும் ‘கலீன்’ இலக்கணத்தில் ஆண்பால். ‘-ஈன்’ என்ற சின்னதாக்கும் விகுதி அப்படி ஆக்கிவிட்டது.

1958இல் அரசு பொது இலக்கணம் வெளியிடுவதற்கு முந்தைய புத்தகங்களை எடுத்தால் ‘ம்னீ’ என்று இன்னொரு வடிவம் எதிர்ப்படும், முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால். பெண்ணுக்கு, பெண்ணோடு என்கிற இடங்களில் வந்த பழைய வடிவம் அது. படித்தால் புரிந்தால் போதும், நீங்கள் பேச வேண்டியதில்லை.

கடைசியாகப் பயிற்சிக்கு ஒரு ஐரிஷ் பழமொழி: மகனின் பெண்ணும் துணையின் தாயும், எதிரெதிரே நிற்கிற பூனையும் எலியும் மாதிரி. அதாவது மருமகளும் மாமியாரும், விளக்கம் தேவையே இல்லை. மருமகளுக்கு இதில் வரும் சொல் ‘பியன் விக்’. மகன் ‘மக்’, மகனின் என்றால் ‘மிக்’. அப்படியானால் ‘மிக்’ ஏன் ‘விக்’ ஆனது? ம-வும் மென்மையானால் ‘வ’ தான், ‘மோர்’ ‘வோர்’ ஆன மாதிரி. அதைச் செய்தது முன்னால் நிற்கிற பெண்பால் ‘பியன்’. இப்போது மருமகள்கள் என்று பன்மையாக்கிப் பாருங்கள். ‘ம்னா’ பன்மை, அது பின்னால் வருகிற தலையைத் தொடாது, ஆகவே ‘ம்னா மிக்’.